டாக்டர் பிம்மின் பேனரில் ஒரு ஆள் குறைவு

கெட்டில் ஃபோர்க் உயர்நிலைப் பள்ளியின் முதல்வர் கிளேட்டன் பிம், கோடை வகுப்புகளுக்குப் போயே டாக்டர் பட்டம் வாங்கியவர். அன்றிலிருந்து ‘மிஸ்டர் பிம்’ என்று கூப்பிட்டால் அவருக்குக் காது கேட்பதில்லை. ஆராய்ச்சித் தலைப்பு, மதிய உணவு வரிசையை வேகமாக நகர்த்துவது எப்படி. நெப்ராஸ்காவிலேயே மிக மெதுவாக நகரும் வரிசை இன்றும் எங்கள் பள்ளியில்தான் இருக்கிறது.

ஜிம் சுவரில், கூடைப்பந்துப் பேனர்களுக்கு நடுவே அவர் புதிதாக ஒன்றைத் தொங்கவிட்டிருந்தார்: ‘வரலாறு காணாத எண்ணிக்கையில் ஏ.பி. தேர்வு எழுதினோம்.’ ‘எழுதினோம்’தான்; ‘தேறினோம்’ என்று இல்லை. ஏ.பி. என்பது கல்லூரிப் பாடத்தைப் பள்ளியிலேயே வருடம் முழுக்கப் படித்துவிட்டு, மே மாதம் ஒரே ஒரு தேர்வில் தலையைக் கொடுப்பது. ஐந்துக்குக் குறைந்தது மூன்று வந்தால் பல கல்லூரிகள் அந்தப் பாடத்தை முடித்ததாக ஏற்றுக்கொள்ளும். குறைந்தால் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதுதான்.

போன மே மாதம் வரலாற்றுத் தேர்வன்று, பிள்ளைகளுக்கு உற்சாகமூட்ட டாக்டர் பிம் பள்ளியின் பேண்டு வாத்தியக் குழுவைத் தேர்வு நடந்த ஜிம்மின் வாசலில் நிறுத்தினார். கால்பந்து ஆட்டத்துக்குச் செய்வதைத் தேர்வுக்கும் செய்தால் என்ன என்பது அவர் யோசனை. வினாத்தாள் கொடுத்த பிறகும் குழு ஓயவில்லை. நிறுத்தச் சொல்ல வேண்டியவர் உள்ளூர்ப் பத்திரிகைக்குப் படம் எடுத்துக்கொள்ளப் போயிருந்தார். மாரென் வாசெக் பெரிய டிரம் அதிர அதிர உள்நாட்டுப் போரைப் பற்றிக் கட்டுரை எழுதினாள். வகுப்பிலேயே முதல் மாணவி. கிடைத்தது இரண்டு.

ஆகஸ்டில் அவள் ஒரு முடிவுக்கு வந்தாள். கடைசி வருட ஆங்கிலத்தையும் கணக்கையும் ஏ.பி.யாக எடுக்காமல், ஹைவேக்கு அந்தப் பக்கம் இருக்கும் சமுதாயக் கல்லூரியில் படிப்பது. பள்ளியில் இருந்தபடியே கல்லூரி வகுப்பு. தேறினால் அந்தப் பாடம் முடிந்தது. பெற்றோர் கையெழுத்துப் போட்டால் பள்ளியால் தடுக்க முடியாது. ஆகவே மகளை விட்டுவிட்டுத் தாயைப் பிடித்தார் டாக்டர் பிம்.

மாரெனின் அம்மா நோலீன் சலூன் நடத்துகிறவள். மகள்தான் பள்ளியில் முதலிடம், பட்டமளிப்பு மேடையில் அவள்தான் பேசப்போகிறாள் என்று, தன் கத்தரிக்குக் கீழே உட்கார்ந்த அத்தனை தலைகளுக்கும் சொல்லி வைத்திருந்தாள். முதல்வர் அறையில் தாயும் மகளும் உட்கார்ந்தார்கள்.

“பாருங்க நோலீன், அது காலேஜே இல்ல. டயர் கடைக்குப் பக்கத்துல ஒரு கட்டடம். பாடத்துல ஆழமே இருக்காது.”

“அங்க கணக்கு நடத்தறது யாரு தெரியுமா மிஸ்டர் பிம்?” என்றாள் மாரென்.

“டாக்டர்னு சொல்லுடி,” என்று அம்மா முழங்கையால் இடித்தாள்.

“நம்ம ஓகில்வி சார்தான். சாயங்காலம் அங்க போறாரு. இங்க வெச்சிருக்கற அதே புத்தகம். ஹைவே தாண்டறப்ப ஆழம் எங்க கொறையுது, பாலத்துலயா?”

டாக்டர் பிம் டையைச் சரிசெய்துகொண்டார். “இங்க ஏ.பி.ல வாங்கற ஏ கிரேடுக்கு அஞ்சு புள்ளி. அங்க வாங்கினா நாலு. புள்ளியை வெச்சுத்தான் முதலிடம். அதான் விதி.”

“விதியை யாரு போட்டது?”

“நிர்வாகக் குழு.” கொஞ்சம் நிறுத்தி, “நான் பரிந்துரை பண்ணினேன்,” என்றார். பிறகு நோலீன் பக்கம் திரும்பிக் குரலைத் தணித்தார். “இவ அங்க போனா முதலிடம், இப்ப ரெண்டாவதா இருக்கற பல் டாக்டர் பையனுக்குப் போயிடும். மேடையில அவன்தான் பேசுவான். அம்மாங்கற முறையில நீங்க யோசிக்கணும்.”

அம்மாவின் முகம் விழுந்துவிட்டது.

“ஊருக்கெல்லாம் சொல்லிட்டேனேடி. ஒரே ஒரு வருஷம் பல்லைக் கடிச்சுக்கயேன்.”

“போன வருஷம் கடிச்சேனே, என்ன கெடச்சுது?”

“தேர்வு எழுதறதே ஒரு வெற்றிதாம்மா,” என்றார் டாக்டர் பிம்.

“பேனருக்கு.”

நோலீன் மகளை அதட்டவில்லை. “ஒண்ணு கேக்கறேன் டாக்டர். இவ இங்கயே இருந்து மறுபடியும் ரெண்டு வாங்கினா?”

“முதலிடம் எங்கயும் போகாது. கிரேடு வேற, தேர்வு வேற. மேடை இவளுக்குத்தான்.”

“காலேஜ்ல அந்தப் பாடம்?”

“அது வந்து… திரும்பப் படிக்க வேண்டி வரலாம்.”

“அங்க போய்ப் பாஸ் பண்ணினா?”

“மாநிலப் பல்கலைக்கழகம் அப்படியே எடுத்துக்கும்மா. நான் கேட்டுட்டேன்,” என்றாள் மாரென்.

நோலீன் கைப்பையின் வாரைச் சுற்றிச் சுற்றி விட்டாள். “பட்டமளிப்பு அன்னிக்கு நான் போட்டுக்க டிரெஸ்கூட எடுத்து வெச்சுட்டேன் டாக்டர்.”

டாக்டர் பிம் ஜெயித்தவர்போலச் சிரித்தார்.

“அதைப் போட்டுக்கிட்டு வந்து பல் டாக்டர் பையன் பேசறதைக் கேட்டுக்கறேன். பேனா இருக்கா?”

“அவசரப்படாதீங்க நோலீன். வீட்டுக்குப் போய் நிதானமா…”

“முடி வெட்டறவ நான். வெட்டறதுக்கு முன்னாடியே யோசிச்சுடுவேன்.”

அவர் மேஜை இழுப்பறையில் பேனாவைத் தேடு தேடு என்று தேடினார். மாரென் தன்னுடையதை எடுத்து நீட்டினாள். அம்மா கையெழுத்தைப் போட்டாள்; மகளைப் பார்த்த பார்வையில் மட்டும் கோபம் தணியவில்லை.

“சலூனுக்கு வந்து நீயே சொல்லு. ஒவ்வொரு தலையா. நான் சொல்ல மாட்டேன்.”

“சொல்றேன்.”

“சனிக்கிழமை வா. அன்னிக்குத்தான் கூட்டம்.”

“சனிக்கிழமையே வரேன். பல் டாக்டர் வீட்டம்மா எத்தனை மணிக்கு வருவாங்க?”