மாதக் கடைசியில் வராத மகள்

சோபாக்காரர் ஒரு முடிவுக்கு வந்துவிட்டார். மகளைப் போய்க் கையோடு கூட்டிக்கொண்டு வந்துவிட வேண்டியதுதான். கல்யாணமாகி மூன்று மாதம்கூட முழுசாக ஆகவில்லை, அதற்குள் இப்படி ஒரு முடிவா என்று நீங்கள் கேட்கலாம். அவரும் தன்னைத்தானே கேட்டுப் பார்த்தார். பதில் வரவில்லை. பதில் வராத இடத்தில் கோபப்படுவது அவர் பழக்கம், அதனால் கோபப்பட்டார்.

விஷயம் இதுதான். மகளுக்குப் பிறவியிலேயே காது கேட்காது. வீட்டில் அவளைப் பாப்பா என்று கூப்பிடுவார்கள் என்று எழுத வந்தேன்; கூப்பிட்டால் அவளுக்கு எங்கே கேட்கப்போகிறது? விளக்கை அணைத்து அணைத்துப் போட்டால் திரும்பிப் பார்ப்பாள். அதற்கப்புறம் பேச்செல்லாம் கையில்தான். அம்மாக்காரி அந்தக் கைப்பேச்சில் கெட்டிக்காரி, மூச்சு விடாமல் பேசுவாள். சோபாக்காரருக்கோ, நாளெல்லாம் சோபாவுக்குத் துணி அடிக்கிற ஸ்டேப்ளர் துப்பாக்கியைப் பிடித்துப் பிடித்துக் காய்த்துப்போன விரல்கள். "அப்பாவுக்குக் கை திக்குது" என்று மகள் கேலி செய்வாள். திக்கினாலும் அவர் விடமாட்டார். ஒரு வாக்கியத்தைச் சொல்லி முடிப்பதற்குள் சாப்பாடு ஆறிவிடும், ஆனாலும் சொல்லித்தான் முடிப்பார். அவருக்கு அந்த வீட்டில் மகளை விட்டால் பேச்சுத் துணை கிடையாது. மனைவியோடு பேசுவது பேச்சில் சேராது, அது வழக்கு.

மாப்பிள்ளைக்கும் காது கேட்காது. அச்சகத்தில் வேலை. மிஷின் போடுகிற சத்தத்தில் மற்றவர்கள் எல்லாம் தலைவலி என்று மாத்திரை விழுங்கும்போது அவன் மட்டும் தேமேயென்று நின்று தாள் அடுக்குவான். கல்யாணம் முடிந்து கிளம்பும்போது மாமனார் கையில் ஒரு பெரிய போனைத் திணித்து, இதில் பாப்பாவின் முகமும் கையும் நன்றாகத் தெரியும், தினமும் சாயங்காலம் பேசலாம் என்று ஜாடையில் சொன்னான். அதுவரை பொத்தான் போனில் காலம் தள்ளியவர், அதைச் சட்டைப்பையில் வைக்கும்போதெல்லாம் பை கிழிந்துவிடுமோ என்று தடவிப் பார்த்துக்கொண்டார்.

தெருமுனைக் கடைக்காரர் அதற்கு மாதப் பேக் போட்டுக் கொடுத்தார். "பேசறதுக்கு அளவே இல்ல அண்ணே, மாசம் முழுக்க எவ்வளவு வேணா பேசிக்கலாம்" என்றார். சோபாக்காரருக்கு வேறு என்ன வேண்டும்? அவர் வாங்கியதே பேசுவதற்குத்தான்.

முதல் மாதம் நன்றாகத்தான் போயிற்று. சாயங்காலம் விளக்கு வைத்ததும் போன் சிணுங்கும், பாப்பாவின் முகம் வரும். போனைச் சர்க்கரை டப்பாவில் சாய்த்து வைத்துவிட்டுப் புருஷனும் பெண்டாட்டியும் கையாட்டிக்கொண்டிருப்பார்கள். மாதக் கடைசி வந்ததும் பாப்பா காணாமல் போனாள். ஒரு நாள் போனால் போகட்டும் என்று விட்டார். மறுநாளும் வரவில்லை. அதற்கு மறுநாளும் இல்லை. இவர்களாகக் கூப்பிட்டுப் பார்த்தால் வட்டம் ஒன்று சுற்றிக்கொண்டே இருந்தது, அவ்வளவுதான். "அவ எடுக்க மாட்டேங்கறா" என்றாள் மனைவி. அப்புறம் மாதம் பிறந்தது, கடைக்காரர் மறுபடி பேக் போட்டார், பாப்பாவும் ஒன்றுமே நடக்காதது போல வந்து நின்றாள்.

"எங்கடி போயிருந்தே?" என்று அம்மா கையால் கேட்டாள்.

"நான் தினமும் கூப்பிட்டேனே. நீங்கதான் எடுக்கல."

இதுதான் சோபாக்காரரைக் குழப்பியது. சாயங்காலமானால் போன் அவர் பையை விட்டு எங்கும் போகவில்லை. பச்சைப் பொத்தானைத் தட்டிப் பார்த்தார். ரெக்சின் கடைக்காரர் கூப்பிட்டிருந்தார், மச்சான் கூப்பிட்டிருந்தான், சோபா எப்போது வரும் என்று கேட்டு ஒரு டாக்டர் வீட்டம்மா விடாமல் கூப்பிட்டிருந்தார். உலகமே கூப்பிட்டிருந்தது, மகளைத் தவிர. போன் கெட்டுப்போயிருந்தால் இவ்வளவு பேர் எப்படிப் பேசினார்கள்? ஆக, பாப்பா பொய் சொல்கிறாள். பிறந்ததிலிருந்து பொய் சொல்லத் தெரியாத பெண் அவள்.

அடுத்த மாதக் கடைசியிலும் அதே கதை. அதே பதில். இப்போது மூன்றாவது தடவை. நேற்று முழுக்கக் கூப்பிடவில்லை, முந்தாநாளும் கூப்பிடவில்லை.

"பயந்துகிட்டுப் பொய் சொல்றா. அவனோ அவன் அம்மாவோ போனைப் பிடுங்கி வெச்சுக்கறாங்க" என்றார் சோபாக்காரர்.

"மாசா மாசம் கடைசியிலயா பிடுங்குவாங்க? அது என்னங்க கணக்கு?"

"அதான் எனக்கும் புரியல. அதான் போறேன்னு சொல்றேன்."

பட்டறையில் லீவு சொல்லப் போனார். பட்டறையில் அவரோடு துணி வெட்டுகிறவருக்கு ரேடியோ என்று பெயர். பாட்டில்லாமல் அந்த மனிதருக்குக் கத்திரிக்கோல் நகராது. அவருடைய போனில் ஸ்பீக்கர் கரகரவென்று இரைந்ததால், சோபாக்காரரின் பெரிய போன் வந்த நாளிலிருந்து அதைத்தான் வெட்டும் மேஜையில் கவிழ்த்து வைத்துக் காலையிலிருந்து சாயங்காலம் வரை பாட்டுப் போடுவார். படத்தோடு வரும் பாட்டு. படத்தை மேஜை பார்த்துக்கொண்டிருக்கும். சோபாக்காரருக்கும் அது பிடித்துத்தான் இருந்தது. பாட்டு ஓடினால் ஸ்பிரிங் கட்டுகிற அலுப்புத் தெரியாது. மகள் வீட்டில் இருந்தவரை, அவளுக்கு இல்லாத ஒன்று நமக்கு எதற்கு என்று பாட்டுப் பக்கமே போகாதவர் அவர். மாதக் கடைசியானால் மட்டும் "உங்க நெட்டு சதி பண்ணுது" என்று ரேடியோ சலித்துக்கொண்டு தன் கரகரப்புக்கே திரும்பிவிடுவார். மாதம் பிறந்து பாட்டு மறுபடி கிளம்பும்போது போனில் மேலிருந்து என்னென்னவோ கொட்டும். "எல்லாம் குப்பை" என்று ரேடியோ விரலால் ஒரே தள்ளாகத் தள்ளிவிடுவார். அதையெல்லாம் யார் கவனித்தார்கள்?

"மகளைப் பாக்கப் போறேன். வர ரெண்டு நாள் ஆகும்" என்றார்.

"அதுக்குள்ள மாசம் பொறந்துட்டா, போன் இல்லாம எனக்குத்தான் கஷ்டம். சரி, போயிட்டு வாங்க" என்றார் ரேடியோ.

பஸ்ஸில் மனைவி ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டாள். சோபாக்காரர் மனதுக்குள் வசனம் தயார் செய்துகொண்டே வந்தார். சம்பந்தியம்மாவிடம் என்ன கேட்பது, மாப்பிள்ளையிடம் எதை எப்படிக் கேட்பது, பாப்பாவின் துணிகளை எந்தப் பையில் போடுவது. பாதி வழியில், ஒருவேளை எல்லாம் நன்றாக இருந்துவிட்டால் என்ன செய்வது என்று தோன்றியது. அதற்கு அவரிடம் வசனம் இல்லை. மறுபடி கோபத்தையே முதலிலிருந்து சொல்லிப் பார்த்தார்.

கதவைத் திறந்தது பாப்பாதான். இவர்களைப் பார்த்ததும் அவள் முகத்தில் சிரிப்பு வரவில்லை. உதடு கோணியது. அப்படியே நிலைப்படியில் நின்று அழ ஆரம்பித்தாள். கண் இமைகள் ஏற்கெனவே வீங்கியிருந்தன. சோபாக்காரருக்கு வேறு சாட்சி எதற்கு?

செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே போனார். மாப்பிள்ளை எழுந்து நின்றான். "என் பொண்ணை என்ன பண்றீங்க? எதுக்கு அழுவுறா? அவளை யாருமில்லாதவன்னு நினைச்சீங்களா?" என்று தொண்டை கிழியக் கத்தினார். மாப்பிள்ளை அவர் வாயையே மரியாதையாகப் பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு உள்ளே போய் ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினான். அவருக்குத் தாகம் என்று நினைத்துவிட்டான். நீட்டிய தண்ணீரை வாங்காமல் இருக்க அவருக்குத் தெரியவில்லை. வாங்கிக் குடித்துவிட்டார். குடித்த பிறகு விட்ட இடத்திலிருந்து கத்த முடியவில்லை.

அடுப்படியிலிருந்து மாப்பிள்ளையின் அம்மா வந்தாள். அந்த வீட்டில் காது கேட்பது அவள் ஒருத்திக்குத்தான், அவளிடமோ போன் கிடையாது. மருமகள் அழுவதற்குக் காரணம் யார் என்று அவளும் வசனம் தயாராக வைத்திருந்தாள் போலிருக்கிறது.

"நல்லா இருக்கு சம்பந்தி நியாயம்! அழ வைக்கறது நீங்க, சண்டைக்கு வர்றதும் நீங்களா? மாசக் கடைசி வந்தா மக மூஞ்சியைப் பாக்க மாட்டேன்னு ஏதாவது வேண்டுதலா உங்களுக்கு? சாயங்காலம் ஆனா போனை வெச்சுக்கிட்டுக் கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பாக்கறா. நீங்க எடுக்கறதில்ல. காது கேக்காத பொண்ணை ஒருவழியா தள்ளிவிட்டாச்சுன்னு அப்பா நினைச்சுட்டாரோன்னு எங்கிட்ட கேக்கறா. நான் என்ன பதில் சொல்லட்டும்?"

சோபாக்காரர் மனைவியைப் பார்த்தார். மனைவி மகளைப் பார்த்தாள். மகள் கன்னத்தைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்தாள். இப்போது பாருங்கள் என்பது போல எல்லாருக்கும் காட்டி, அப்பாவைக் கூப்பிட்டாள். அவள் போனில் அப்பாவின் படம் பெரிதாக வந்து நின்றது. சோபாக்காரர் தன் போனை எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டார். அது சும்மா கிடந்தது. இரண்டு போனுக்கும் நடுவே ஒரு முழம்கூட இருக்காது. எல்லாரும் அவர் கையையே பார்த்தார்கள். அவரும் அதையேதான் பார்த்தார். அந்த நேரம் பார்த்து டாக்டர் வீட்டம்மா கூப்பிட்டார். போன் கணீரென்று அடித்தது.

"பாத்தியா, அடிக்குது. நல்லாத்தானே அடிக்குது" என்றார் யாரிடமோ.

மாப்பிள்ளை போனை அவர் கையிலிருந்து மெதுவாக வாங்கினான். எங்கெங்கோ தட்டினான். பிறகு நெற்றியில் அடித்துக்கொண்டு, சோபாக்காரர் மனைவியைப் பார்த்துக் கையால் விளக்க ஆரம்பித்தான். அவள் அதை வாயால் சொல்லிக்கொண்டே வந்தாள்.

"போன்ல பேசறதுக்கு அளவில்லையாம். முகம் பாக்கறதுக்கு அளவு இருக்காம். மாசத்துக்கு இவ்வளவுன்னு குடுத்துருவாங்களாம். அது தீர்ந்துட்டா அடுத்த மாசம் வரைக்கும் முகம் வராதாம். மத்தவங்க கூப்பிட்டா எப்பவும் போல அடிக்குமாம்."

"பேச அளவே இல்லன்னு சொல்லித்தானே கடைக்காரன் குடுத்தான்!"

"வாயால பேச" என்றாள் மனைவி.

"அப்போ கையால பேசினா?"

கையால் பேசினால் அது பேச்சில் சேராது, படம் என்று கம்பெனிக்காரன் கணக்கு வைத்திருக்கிறான். வாயுள்ளவன் விடிய விடிய ஊர்வம்பு பேசலாம், ஒரு பெண் தன் அப்பாவிடம் சாப்பிட்டீங்களா என்று கேட்பதை மட்டும் படி போட்டு அளப்பான். சோபாக்காரருக்கு இதில் யாரைத் திட்டுவது என்று புரியவில்லை. இவ்வளவு தூரம் சுமந்து வந்த கோபத்தை எங்கே இறக்கி வைப்பது என்றும் புரியவில்லை.

"சரி, நாம சாயங்காலம் கொஞ்ச நேரம்தானே பேசறோம். அதுக்குள்ள எப்படித் தீரும்? யார் தின்னது?"

மனைவி அதைக் கையால் கேட்டாள். மாப்பிள்ளை இன்னொரு தட்டுத் தட்டினான். போனில் ஒரு நீளக் கோடும் அதன் கீழே ஒரு பொடிக் கோடும் வந்தன. பொடிக் கோட்டைக் காட்டி, இது பாப்பா என்றான். நீளக் கோட்டைக் காட்டியவன் கொஞ்சம் தயங்கினான். அதைத் திறந்து பார்த்தான். வரிசையாகப் படங்கள், ஒவ்வொன்றிலும் யாரோ வாயைத் திறந்துகொண்டு மைக் முன்னால் நின்றார்கள்.

சோபாக்காரருக்கு அப்போதுதான் புரிந்தது. பாட்டும் மகளும் ஒரே பானையிலிருந்துதான் வருகிறார்கள். காலையிலிருந்து சாயங்காலம் வரை பட்டறையில் அவர் தலையாட்டிக்கொண்டே தைத்தார் அல்லவா, அப்போதெல்லாம் மகள் கொஞ்சம் கொஞ்சமாகத் தீர்ந்துகொண்டிருந்தாள்.

"அவகிட்ட சொல்லாதே. வேற எதையாவது சொல்லு" என்று மனைவியிடம் கெஞ்சினார்.

சொல்ல வேண்டிய அவசியமே இல்லை. பாப்பா எட்டிப் பார்த்துவிட்டாள். திறந்த வாய்களையும் மைக்குகளையும் ஒவ்வொன்றாகத் தள்ளித் தள்ளிப் பார்த்தாள். சோபாக்காரர் சுவரோரம் உட்கார்ந்து கையைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டார். அவள் எதிரே வந்து உட்கார்ந்து, அவர் நிமிர்ந்து பார்க்கும்வரை காத்திருந்தாள்.

"பாட்டு நல்லா இருந்துச்சா அப்பா?"

அதில் குத்தல் இல்லை. தெரியாததைக் கேட்கிறவள் கேட்பது போலத்தான் கேட்டாள். இல்லை என்று சொல்லிவிடலாமா என்று பார்த்தார். முடியவில்லை. கண்ணில் நீர் முட்ட, ஆமாம் என்று தலையாட்டினார். பிறகு காய்த்த விரல்களை வெளியே எடுத்து, திக்கித் திக்கி, இனிமேல் கேட்கவே மாட்டேன், நிறுத்திவிடுகிறேன் என்றார்.

பாப்பா அவர் கைகளைப் பாதியிலேயே பிடித்து இறக்கினாள். அவள் ஏதோ சொன்னாள், சின்னதாக, இரண்டே அசைவில். மனைவி அதை எடுத்துச் சொல்ல வாயைத் திறந்தாள்.

"வேண்டாம், எனக்குப் புரிஞ்சுது" என்றார் சோபாக்காரர்.

கேளுங்க, எனக்கும் கொஞ்சம் மிச்சம் வைங்க என்றிருந்தாள்.