தேதி கேட்ட சாமியார்

மூன்றாவது தடவையாக, மாதா கோயில் ஆபீஸ் அறையில் அதே பெஞ்சு, அதே சாமியார், அதே கேள்வி.

“தேதி சொல்லும்மா. தேதி இல்லாம ஆயருக்கு என்னத்தை எழுதுறது?”

மதலேன் டீச்சருக்குப் பொறுமை தீர்ந்துகொண்டிருந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த அடைக்கலத்துக்கு முப்பது வயது. பத்து வயதில் கோயில் விடுதியில், ஜெபம் சொல்லிக்கொடுக்க வந்த இன்னாசி உபதேசியார் தனக்குச் செய்த அக்கிரமத்தை இருபது வருஷம் வெளியே விடாமல் வைத்திருந்து, போன மாதம்தான் டீச்சரிடம் வாய் திறந்தாள். வருகிற ஞாயிறு அந்த விடுதிப் பொறுப்பு, சாவியோடு இன்னாசி கைக்கே போகிறது. உள்ளே பன்னிரண்டு பெண் பிள்ளைகள்.

“புயல் அடிச்ச வருஷம் சாமி. தாளடி நெல்லு நட்டு முடிஞ்ச சமயம்” என்றாள் அடைக்கலம்.

“இதெல்லாம் ஒரு தேதியா? அதோட, குத்தகைப் பதிவு நடக்குது. இன்னாசிதான் நம்ம ஆளுங்களுக்கு முன்ன நிக்கிறாரு. இது மிராசுதார் காதுல விழுந்தா, இதையே சாக்கா வச்சுப் பதிவைக் கெடுத்துடுவாரு.”

“போன வாரம் குத்தகைப் பதிவுக்கு வந்த வீரையன் என்ன சொன்னாரு சாமி?” என்றாள் டீச்சர். “‘புயல் அடிச்ச வருஷத்துலேருந்து உழுவுறேன்’னாரு. தாசில்தாருக்கு எழுதிக் குடுத்தது நீங்க. அவருகிட்ட தேதி கேட்டீங்களா? நிலத்துக்குச் செல்லுற புயல் இவளுக்குச் செல்லாதா? இவ அன்னிக்கு விடுதியில...”

“டீச்சர், போதும்.” அடைக்கலத்தின் குரலில் எரிச்சல். “என் விஷயத்தை நான் சொல்லிக்கிறேன். நீங்க பக்கத்துல இருங்க.”

பக்கத்தில் மட்டும் இருப்பதாகத்தான் வாசலில் வைத்து டீச்சர் வாக்குக் கொடுத்திருந்தாள். தன் மேலேயே கோபம் வந்தது.

சாமியார் மறுபடி தேதி கேட்காமல் பேனாவைத் திறந்தார். அடைக்கலம் சொல்லிக்கொண்டே வந்து இரண்டு இடத்தில் நிறுத்தினாள். டீச்சர் தண்ணீர்ச் செம்பை அவள் பக்கம் நகர்த்தினாள், அவ்வளவுதான்.

“‘தகாத முறையில் நடந்துகொண்டார்’னு போட்டுடட்டுமா?”

“நான் அப்படிச் சொல்லலையே சாமி. சொன்னதை எழுதுங்க.”

அவள் சொன்னபடியே எழுதினார். டீச்சர் படித்துக் காட்டினாள். அடைக்கலம் கையெழுத்துப் போட்டாள்.

“ஆயர் பதில் வர மாசம் ஆகும். ஞாயித்துக்கிழமை இன்னாசி வந்து நிப்பாரே, என்ன சொல்லட்டும்?”

அடைக்கலம் எழுந்து, சுவர் ஆணியில் தொங்கிய விடுதிச் சாவியை எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டாள். சாமியார் தடுக்கவில்லை.

“சாவி அடைக்கலத்துக்கிட்ட இருக்குன்னு சொல்லுங்க.”