சுவரோடு நிற்கச் சொன்னார்கள்

…உடம்பு அசையாமல் உட்கார்ந்தே கிடந்தால் எலும்பு தேய்ந்துவிடுமாம், தாளில் போட்டிருக்கிறதென்று படித்துக் காட்டுகிறாள் இந்த இளவரசி, பேரே அதுதான், ஆஸ்பத்திரியில் உடற்பயிற்சி சொல்லிக்கொடுக்கப் புதிதாக வந்திருக்கும் பெண், யாரிடம் வந்து எதைச் சொல்கிறாள் பார், பதினாலு வயதில் சேற்றில் இறங்கியவள் திலகா, நாற்பத்தைந்து வருஷ நடவு, விடிந்ததும் குனிந்தால் கஞ்சிக்குத்தான் நிமிர்வது, அவள் உடம்பு அசையவில்லையாம்… போன மாசம் குடத்தைத் தூக்கும்போது முதுகில் சுரீரென்றது, படம் எடுத்துப் பார்த்து, ஒரு எலும்பு நசுங்கியிருக்கிறது, குனியவே கூடாது என்றுவிட்டார்கள், குனியாமல் நாற்றை எப்படி நடுவதாம், நின்றபடியே விட்டெறிவதா? நடவுக்கு ஆள் சேர்க்கும் சிட்டம்மாளும் கறாராகச் சொல்லிவிட்டாள், "ஆஸ்பத்திரில சரின்னு சொன்னா வா திலகா, கயனி சேத்துல வுயுந்துட்டீன்னா பழி எம்மேல வரும்." அந்த ஒரு வார்த்தையை வாங்கிப் போகத்தான் இங்கே வந்து நிற்பது, இல்லாவிட்டால் இவளுக்கு என்ன தலையெழுத்து.

"பின்னாடியே பத்தடி நடங்கம்மா, செவுத்தப் புடிச்சிக்கினு, பயப்படாம." பயிற்சிக்கு வந்திருக்கும் மற்ற பெண்கள் இரண்டடியில் தடுமாறுகிறார்கள். பின்னால் போக என்ன பயம், நடவு முழுக்கப் பின்னால் போவதுதானே, திலகா சுவரைத் தொடாமலே வராந்தாக் கோடி வரை போய் நின்றாள். "எங்கம்மா கத்துக்கினீங்க?" என்கிறாள் இளவரசி. எங்கேயா? கழனியில். இதோ பக்கத்தில் நிற்கிறாளே நிலத்துக்காரி சுலோச்சனாம்மா, இவள் கழனியில்தான், வரப்பில் குடை பிடித்து நின்றபடி வேலை வாங்கியவள், ஒருநாளும் சேற்றில் கால் வைக்காதவள், இவளுக்கும் எலும்புத் தேய்மானமாம், இவளுக்குச் சொகுசில் வந்திருக்கும், எனக்கு இவளுக்காகக் குனிந்து குனிந்து வந்தது…

"குதிகால், முதுகு, தலை, மூணும் செவுத்துல படணும்." இதென்ன பெரிய வித்தை. குதிகால் பட்டது, முதுகு பட்டது, தலை… "நிமிந்துதாம்மா நிக்கிறேன்." இளவரசி பின்னந்தலைக்கும் சுவருக்கும் நடுவே கையை விட்டாள், நாலு விரல் தாராளமாகப் போயிற்று. நான் இவ்வளவு நாளும் நிமிர்ந்து நிற்பதாகத்தானே நினைத்துக்கொண்டிருந்தேன்? "சிட்டம்மாகிட்ட இன்னாம்மா சொல்லட்டும்?" "நடவுக்குப் போவாதீங்கம்மா. குனிஞ்சா இன்னொரு எலும்பும் நசுங்கிப்பூடும்." அவ்வளவுதான், முடிந்தது. யாரால் வந்தது இது, இன்றைக்குக் கேட்டுவிடுவது, முகத்துக்கு நேரே கேட்டுவிடுவது என்று திலகா பக்கத்தில் திரும்பினாள். சுலோச்சனாம்மா சுவரோடு ஒட்டிக்கொண்டு தலையைப் பின்னால் தள்ளித் தள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தாள், ஒரு சாண் இடைவெளி, கண்ணில் தண்ணீர். "எனக்கும் எட்டல திலகா" என்றாள். ஒருநாளும் குனியாதவள். திலகாவுக்குக் கோபம் கொஞ்சமும் குறையவில்லை, ஆனால் இதை இனி யார் மேல் கொண்டுபோய் இறக்குவது…