மூன்றாவது தட்டு

“தலைக்கறி வாங்க வர்றவங்க, கண்ணு எங்க பாய்னு சண்டைக்கு வர்றாங்கப்பா. உன் படிப்பு எப்பத்தான் முடியும்?” என்றபடி கறிக்கடை சர்தார் பாஷா என் ஐஸ் டப்பாவில் ஆட்டுக் கண்களைப் போட்டார். ஆம்பூரில் ஆட்டின் கறி பிரியாணிக்குப் போகும், தோல் தொழிற்சாலைக்குப் போகும். கண் மட்டும் எனக்கு வரும். டப்பாவில் என்ன என்று கேட்டுவிட்டால் வேலூர் பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் எழுந்து போய்விடுவார்.

எம்.எஸ்ஸி. ஆய்வு. விழித்திரை செல்களைப் பிரித்து மூன்று கண்ணாடித் தட்டுகளில் வளர்ப்பேன். முதல் தட்டில் எதுவும் கலப்பதில்லை, அது மலைவாசஸ்தலம். இரண்டாவதில் தொழிற்சாலைக் காற்றின் தூசி, அது ஆம்பூர். மூன்றாவதில் அதே தூசி, கூடவே ஒரு மருந்து. அப்படி ஓர் ஊர் இன்னும் கட்டப்படவில்லை. ஆனால் அங்கே செல்கள் பிழைத்தன. செத்த ஆட்டின் பார்வையைக் காப்பாற்றியதற்காகப் பேராசிரியர் எனக்கு டீ வாங்கிக் கொடுத்தார்.

தூசி பிடித்துத் தந்தவர் அப்பா. தொழிற்சாலையில் எலியாஸ் என்றால் ஷேடு மாஸ்டர். ஸ்ப்ரே மிஷின் பக்கத்தில் நின்று, வெளிநாட்டு சாம்பிளோடு தோலின் நிறம் ஒத்துப்போகிறதா என்று பார்ப்பது வேலை. அங்கேயே ஒரு வடிகட்டித் தாளை மாட்டிவைத்து, வாரக் கடைசியில் எடுத்து வருவார். அம்மா சவுதியில் நர்ஸ். நான் வேலூர் ஹாஸ்டல். வீட்டில் அவரும் டிவியும்தான். டிவி அதிகம் பேசும்.

அந்த ஞாயிறு சர்ச் முடிந்து வந்து தாளை நீட்டினார்.

“கன்னங்கரேல்னு ஆயிருச்சு பாரு.”

தாள் செங்கல் நிறத்தில் இருந்தது. நிற விஷயத்தில் அப்பா தமாஷ் பண்ணுகிறவர் இல்லை.

“நல்லா பாருப்பா. இது இன்னா கலரு?”

தாளை முகத்துக்கு நேரே பிடிக்காமல், காதுப் பக்கம் கொண்டுபோய் ஓரக்கண்ணால் பார்த்தார்.

“எதப் பாத்தாலும் நடுவுல ஒரு கறை வந்து நிக்குதுடா. ஷேடெல்லாம் என் ஹெல்ப்பர் ஆபித் பாஷா பாத்துச் சொல்வான், நான் தலையாட்டுவேன். ஆபீஸ்ல தெரியாது.”

மறுநாள் அப்பாவைப் பரிசோதித்த வேலூர் கண் டாக்டர், நேரே பார்த்தால் ஆள் மறைந்துவிடும், ஓரத்தில்தான் தெரியும், போனது திரும்பாது என்றார். மிச்சம் நிற்க வேண்டுமானால் அந்த ஸ்ப்ரே மிஷின் புகைக்குள் போகவே கூடாது. திரும்பும் பஸ்ஸில் என் பக்கத்து சீட்டில் ஆள் இருந்தது, அப்பா.

“உன் மருந்த எனக்குப் போடேன்.”

“அது தட்டுல இருக்குற செல்லுக்குத்தாம்ப்பா.”

“அப்ப நானும் தட்டுல போய் உக்காந்துக்கவா?”

சிரித்தேன். அவர் ஜன்னல் பக்கம் திரும்பியிருந்தார்.

காலையில் தொழிற்சாலைச் சங்கு ஊதியது. அப்பா சட்டையை மாட்டிக்கொண்டு புதுத் தாள் கேட்டார்.

“தாளும் வேணாம், வேலையும் வேணாம்ப்பா. இருக்குற பார்வையாவது நிக்கட்டும்.”

“நீ இன்னிக்கு வேலூரு போய்டுவ. பார்வைய வெச்சிக்கினு வீட்ல யாரப் பாக்கறது?”

வாசலில் செருப்பு மாட்டியவர் நின்றார். முகத்தை என்னிடமிருந்து விலக்கி, சுவரில் தொங்கிய பைபிள் வசனக் காலண்டர் பக்கம் மெதுவாகத் திருப்பினார். அவர் ஓரக்கண்ணுக்குள் நான் அசையாமல் நின்றேன். சங்கு இரண்டாம் முறை ஊதியது. அப்பா காலண்டரையே பார்த்துக்கொண்டிருந்தார்.