நேரலையில் ஒரு நாள் ஊழியம்

என் மகன் பிரவின்குமார் இங்கிலாந்தில் மிஷனெரியாக இருக்கிறான். எங்கள் சோமனூர் சபையில் இதை யாரும் சாதாரணக் குரலில் சொல்வதில்லை. ஒரு காலத்தில் வெள்ளைக்காரர்கள் கப்பலேறி வந்து எங்களை இருளிலிருந்து மீட்டார்களாம். இப்போது அவர்களே இருளில் கிடக்கிறார்களாம், பதிலுக்கு நாம் போக வேண்டுமாம். சபைச் சுவரில் உலகப்படம் ஒன்றை மாட்டி, அதில் இங்கிலாந்துக்கு மட்டும் கறுப்புச் சாயம் பூசியிருக்கிறார்கள். வெள்ளிக்கிழமை உபவாசக் கூட்டத்தில் அதைப் பார்த்துப் பெண்கள் கண்ணீர் விடுவார்கள்.

நடந்ததைச் சொல்கிறேன். முதலில் மருமகள் யுவஸ்ரீக்கு அங்கே நர்ஸ் வேலை கிடைத்தது. பிறகு விசா கிடைத்தது. அதற்குப் பிறகுதான் என் மகனுக்கு ஆண்டவரின் அழைப்பு கிடைத்தது. அங்கே கடலோரத்தில் ஒரு சின்ன ஊரில் வயதானவர்களை வீட்டுக்கே போய்ப் பார்த்துக்கொள்ளும் வேலை அவனுக்கு. சபை அதற்கு ‘முதியோர் மத்தியில் ஊழியம்’ என்று பெயர் வைத்தது.

சபை அவனை அனுப்பிய மூன்று வருடத் தவணை முடிந்துவிட்டது. அவனைத் திரும்ப அழைப்பதா, இன்னும் மூன்று வருடம் வைப்பதா என்று இந்த ஞாயிறு சபை முடிவு செய்வதாக இருந்தது. சபை அழைத்தால் வந்துவிடுவான். மிஷனெரி என்ற பெயர் இல்லாமல் அங்கே இருக்க அவனுக்குக் கூச்சம். நான் திரும்ப அழைக்கும் கட்சி. அந்தக் கட்சியில் நான் ஒருத்திதான்.

காரணம் என் வீட்டுக்காரர் மாரப்பன். பக்கவாதம் வந்து படுத்திருக்கிறார், வலது கையும் காலும் வராது. விசைத்தறிக் கூடத்தில் நூல் சுற்றிய பாவு உருளை சுமந்த உடம்பு, நோயிலும் இளைக்கவில்லை. பக்கத்து வீட்டு அப்துல் கையூம் பாய்தான் காலையும் மாலையும் வந்து தூக்கி உட்கார வைப்பார். போன வாரம் தூக்கும்போது அவருக்கே இடுப்பு பிடித்துக்கொண்டது. இப்போது நான் தனியாள். ஒரு நாள் தூக்கப்போய் இரண்டு பேரும் சேர்ந்து தரையில் விழுந்தோம். விழுந்த இடத்திலேயே கிடந்து இருவரும் அழுதோம்.

மகனிடம் போனில் சொன்னேன். “ஆண்டவர் சித்தம் எதுவோ அப்படியே ஆகட்டுமுங்கம்மா” என்றான். எங்கள் சபையில் ஆண்டவரின் சித்தத்தை அறிவிப்பவர் செயலர் கருப்புசாமி என்பதால் அவரையும் போய்ப் பார்த்தேன்.

“உங்க தியாகத்தை ஆண்டவர் மேலிருந்து பாத்துக்கிட்டே இருக்காருங்கம்மா” என்றார்.

“பாக்கறாருங்க. தூக்கறதுக்குத்தான் ஆள் வேணுமுங்க” என்றேன்.

அவர் பெரிய மனதோடு சிரித்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஞாயிறு ஆராதனை முடிந்து பிரியாணியும் முடிந்தபின் திரையை இறக்கினார்கள். ‘மிஷனெரி குடும்பத்தின் ஒரு நாள், நேரலை’ என்று வாசலில் பேனரே கட்டியிருந்தது. விடியற்கால ஜெபம் முதல் இராத்திரி ஜெபம் வரை ஒரு நாள் முழுவதையும் ஒரு மணி நேரத்துக்குள் காட்டிவிட வேண்டும் என்பது கருப்புசாமியின் உத்தரவு. அங்கே அப்போதுதான் காலை. என் மகன் சட்டை மாற்றிக்கொண்டு வந்து, தூங்கி எழுவதுபோல எழுந்தான். யுவஸ்ரீ இரவு ஷிப்ட் முடித்து வந்தவள், ஜெபத்தில் கண்ணை மூடியவள் திறக்கவே இல்லை. “எப்பேர்ப்பட்ட பாரத்தோட ஜெபிக்குது பாருங்க அம்மணி!” என்று என் பக்கத்திலிருந்த சாமியாத்தாள் உருகினாள். எனக்குத் தெரியும், பிள்ளை தூங்குகிறாள்.

அடுத்து தெரு ஊழியம். முழங்காலில் கிழிந்த பேண்ட் போட்ட ஒரு பெண் கேமராவைக் கடந்து போனாள். சபை முழுக்க உச்சுக் கொட்டியது.

“கட்டிக்கத் துணியில்லாமப் போச்சுங்களே அந்த சீமையில!” என்றாள் சாமியாத்தாள்.

கருப்புசாமி மைக்கைப் பிடித்து, திருப்பூர் பனியன் ஒரு பேல் கட்டி அனுப்புவதாக அந்த இடத்திலேயே அறிவித்தார். கைதட்டல் அடங்க நேரமாயிற்று.

பிறகு அந்த ஊர்க் கிறிஸ்தவக் கோயிலைக் காட்டினான். கல் கட்டடம், கண்ணாடி ஜன்னல், எங்கள் சபையைப் போல நாலு மடங்கு. பாதியைத் தடுத்துக் காபிக் கடைக்கு விட்டிருந்தார்கள். மீதியில் ஆறு கிழவர்கள். ‘நன்றி சோமனூர்’ என்று தமிழில் எழுதிய அட்டையை அவர்கள் கையில் கொடுத்திருந்தான், அவர்கள் தலைகீழாகப் பிடித்திருந்தார்கள். சபையார் எல்லாரும் கழுத்தைச் சாய்த்துப் படித்து அழுதார்கள். சிறுவர்கள் பிடித்தால் இன்னும் உருக்கமாக இருக்கும் என்று கருப்புசாமி முன்பே கேட்டிருந்தாராம். அந்தக் கோயிலுக்கு வருகிறவர்களில் எழுபதுக்குக் கீழே யாருமில்லை.

கடைசியாக அவன் வேலை பார்க்கும் வீடு. அங்கே ஆல்பர்ட் என்று ஒரு பெரியவர், பெண்டாட்டி செத்தபின் தனி ஆள். அவருக்கும் ஒரு பக்கம் கை கால் வராது. பிள்ளைகள் எங்கோ தூர ஊரில் இருக்கிறார்கள். என் மகன் அவர் கட்டிலோரம் போய்க் குனிந்தான். அவர் கைகளை எடுத்துத் தன் தோளில் போட்டுக்கொண்டான். என்னவோ காதில் சொன்னான், முன்னும் பின்னும் ஒருமுறை ஆடினான், அவ்வளவுதான், பெரியவர் எழுந்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். ஆள் என் வீட்டுக்காரர் அளவுக்குக் கனம். பிறகு அவருக்கு அரிசிம்பருப்புச் சோறு பிசைந்து ஊட்டினான். வாயோரம் ஒழுகியதைத் தன் கைக்குட்டையால் துடைத்தான். தலை வாரிவிட்டான்.

சபை குலுங்கிக் குலுங்கி அழுதது. எனக்கு அழுகை வரவில்லை. வயிறு எரிந்தது. இப்படி ஒரு நல்ல பிள்ளையைப் பெற்றோமே என்ற பெருமையும் அதே வயிற்றில்தான் இருந்தது, அதுதான் இன்னும் மோசம்.

“ஆண்டவர் தன் சீஷருங்க காலைக் கழுவின தாழ்மையைக் கண்ணால பாத்துப்போட்டோமுங்க!” என்றார் கருப்புசாமி. “இந்த ஊழியம் இன்னும் மூணு வருஷம் தொடரோணும்னு சம்மதிக்கறவங்க எந்திரிச்சு நில்லுங்க!”

பெஞ்சுகள் தடதடவென்று நகர்ந்தன. எல்லாரும் எழுந்துவிட்டார்கள். சாமியாத்தாள் என் முழங்கையைப் பிடித்து இழுத்தாள். நான் உட்கார்ந்தே இருந்தேன்.

கருப்புசாமி அதைப் பார்த்துவிட்டார். விவரமான ஆள், மைக்கை என் கையில் கொடுத்தார். “தாயாருக்குத் துக்கம் தொண்டையை அடைக்குதுங்க. மகனுக்கு ரெண்டு வார்த்தை ஆசீர்வாதம் சொல்லுங்கம்மா.”

“கண்ணு” என்றேன்.

“சொல்லுங்கம்மா” என்றான் திரையில்.

வீட்டுக்கு வந்துடு என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். அத்தனை பேர் நின்றுகொண்டிருக்கும்போது அது வெளியே வரவில்லை.

“அந்தப் பெரியவரை இன்னொருக்கா தூக்கிக் காட்டு சாமி. மெதுவாக் காட்டு. காலை எங்க வெச்சே, கையை எங்க குடுத்தேன்னு எனக்குப் பிடிபடலை. உங்கப்பனைத் தூக்கோணும்.”

என் மகன் கேமராவைப் பார்க்கவில்லை, கைக்குட்டையை மடித்துக்கொண்டே இருந்தான். ஆல்பர்ட்டுக்கு ஒன்றும் விளங்கியிருக்காது. ஆனால் இவன் தன் பக்கம் திரும்பியதும், தூக்கப்போகிறான் என்று நினைத்து, சிரித்துக்கொண்டே நல்ல கையை அவன் தோளுக்கு நீட்டினார். என் மகன் அவர் முன்னால் முழங்காலை மடித்துக் குனிந்தான்.

முன்னால் நின்றவர்களின் முதுகுகள் எனக்குத் திரையை மறைத்தன. கால் வைக்கும் இடம் தெரியவில்லை. நான் எழுந்து நின்றேன்.

“அம்மாவும் எந்திரிச்சுட்டாங்க!” என்றார் கருப்புசாமி. “ஏகமனதா நிறைவேறுச்சுங்க!”

சபை கைதட்டியது. என் மகன் தன் இடது காலைப் பெரியவரின் இரண்டு பாதங்களுக்கும் நடுவில் வைத்தான். நான் அதைப் பார்த்துக்கொண்டேன்.