நீலத் தட்டில் நின்ற இச்சி மரம்

வெள்ளிக்கிழமைகளில் ஹமீதா பானு பின்னோக்கிப் போய்க்கொண்டே இருந்தாள். முதலில் கொல்லைப் படியில் நின்றவள், அடுத்த வருடம் வீட்டுப் பக்கச் சந்தின் நடுவுக்கு வந்தாள். இப்போது சந்தும் போதாமல் தெருவைக் கடந்து, எதிர்வீட்டு வாசலில் குத்தவைத்து உட்கார்ந்திருந்தாள். முன்னால் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல். அதன் மேல் ஒரு நீலத் தட்டுத் தொட்டி. தொட்டியில் மண்ணும் கொஞ்சம் பாசியும் தவிர வேறொன்றும் கிடையாது. மரம் சந்தின் அந்தக் கோடியில், அவள் வீட்டுக் கொல்லையில் நின்றது.

செல்போனைத் தட்டின் விளிம்போடு ஒட்டிப் பிடித்து ஒரு கண்ணை மூடினாள். தூரத்து மரத்தின் அடி சரியாகப் பாசிக்கு மேல் வந்து உட்கார்ந்தது. பாம்பனுக்கு வருகிற டூரிஸ்டுகள் ரயிலை உள்ளங்கையில் ஏந்தியதுபோல் போட்டோ எடுத்துக்கொள்வார்களே, அதே வித்தைதான். மகள் சஃபா காலேஜ் கூட்டாளிகளோடு போய் அப்படி எடுத்து வந்த படத்தைப் பார்த்துக் கற்றுக்கொண்டது.

"மாஷா அல்லாஹ்!" சவூதியின் தம்மாமிலிருந்து, வீடியோ காலில், கணவர் ஷாகிரின் குரல் வந்தது. "இலையெல்லாம் எப்படிச் சிறுத்துப்போச்சு பாத்தியா? சொன்ன மாதிரி நுனி கிள்ளுறேல்ல?"

"கிள்ளுறேன் மச்சான்."

"தண்ணி?"

"ஒரு டம்ளர்."

"அதுக்கு மேல ஊத்திராத. காத்து வேற அடிக்குது, போன வச்சதும் உள்ள தூக்கி வச்சிரு."

"சரி, தூக்கி வச்சிர்றேன்."

அந்த நேரம் பார்த்து ஒரு காக்கை வந்து மரத்தின் உச்சியில் உட்கார்ந்தது.

"ஏ, அதென்ன கறுப்பா? பூச்சியா?"

ஹமீதா நிதானமாகச் சொன்னாள்: "பூச்சிதான்."

"சாவகாசமாச் சொல்றியே! இன்னைக்கே வேப்பெண்ணெய் அடி."

பூச்சி 'கா' என்று கத்திவிட்டுப் பறந்தது. வாசற்படியில் இறால் உரித்துக்கொண்டிருந்த உம்மு ஹபீபா சேலைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டாள். அது அவள் வீடு. ஷாகிரின் கூடப்பிறந்த அக்கா; அவர் 'லாத்தா' என்று கூப்பிடுவார். தம்பியை ஏமாற்றுவதில் அவளுக்கு வருத்தம் இருந்ததாகத் தெரியவில்லை.

"ஏபுள்ள ஹமீதா," என்றாள், போன் அணைந்ததும். "இன்னும் ஆறு மாசம் போனா நீ தொண்டியில நின்னுதான் காட்டணும்."

வேண்டுமென்று செய்ததல்ல இது. தம்மாமில் ஷாகிருடைய மேனேஜரின் மேஜையில் ஒரு போன்சாய் இருந்ததாம். ஒரு சாண் உயரத்தில், விழுதெல்லாம் விட்ட முழு மரம். அதைப் பார்த்த நாளிலிருந்து அவருக்குப் பித்துப் பிடித்துவிட்டது. போன லீவில் வந்தபோது ராமநாதபுரத்து நர்சரிகளில் ஏறி இறங்கி, கறுப்புப் பையில் இருந்த, ஆல மர இனத்தில் ஒரு இச்சிக் கன்றை வாங்கி வந்தார். பையைக் கிழித்து, வேரில் பாதியை நறுக்கி, வேண்டாத கிளைகளை எடுத்து, தண்டில் அலுமினியக் கம்பியைச் சுற்றி வளைத்து, நீலத் தட்டில் உட்காரவைத்தார். தினமும் காலையில் அதன் முன்னால் நாற்காலி போட்டு, இப்படித் திருப்பியும் அப்படித் திருப்பியும் பார்த்தார். தன்னை அவர் அப்படி உற்றுப் பார்த்ததாக ஹமீதாவுக்கு நினைவில்லை. ஏர்போர்ட்டுக்குக் காரில் ஏறும்போது கடைசியாகச் சொன்னது, "அதப் பாத்துக்க." எதை என்று கேட்க வேண்டியிருக்கவில்லை.

பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். கீழக்கரையில் ஒரு கல்யாணத்துக்குப் போய்த் தங்கிவிட்டு வந்தால், தட்டில் மண் அப்பளமாய்க் காய்ந்து, இலையெல்லாம் கீழே கிடந்தது. பதறிப்போய் அதைப் பிடுங்கிக் கொல்லையில், மீன் கழுவிய தண்ணீர் ஓடுகிற மூலையில் நட்டாள். பிழைத்ததும் திரும்பத் தட்டில் வைத்துவிடலாம் என்பது எண்ணம். சாளையும் சங்கராவும் கழுவிய தண்ணீர் அதற்கு ரொம்பவே பிடித்துப்போயிற்று. பெயர்த்து எடுக்கலாம் என்று ஒருநாள் போய் நின்றபோது அது அவள் இடுப்பளவு இருந்தது.

உண்மையைச் சொல்லிவிடலாம் என்று நினைத்த வெள்ளிக்கிழமை அவருக்குக் காய்ச்சல். அடுத்த வெள்ளிக்கிழமை சஃபாவுக்குப் பரீட்சை. அதற்கடுத்த வெள்ளிக்கிழமை அவர் மரத்தைப் பார்த்துவிட்டு, "ஒன் கையில என்னமோ இருக்கு ஹமீதா," என்றார். இத்தனை வருடக் கல்யாணத்தில் அப்படி ஒரு வார்த்தை அவர் வாயிலிருந்து வந்ததில்லை. அதைக் கேட்ட பிறகு யாருக்குத்தான் உண்மை சொல்ல மனம் வரும்?

ஷாகிர் வாராவாரம் அந்தப் படத்தை ஒரு போன்சாய் வாட்ஸ்அப் குழுவில் போட்டார். குழுவை நடத்துகிறவர் மதுரைக்காரர், ராமசுப்பிரமணியன் என்று பெயர். "பாய், அசல் மரம் மாதிரியே இருக்கு!" என்று அவர் எழுதினார். அந்தக் குழுவில் அதற்கு மேல் ஒரு பட்டம் கிடையாது. ஷாகிர் அனுப்பிவைத்ததை ஹமீதா படித்துப் பார்த்துவிட்டு, மனிதர் விவரம் தெரிந்தவர்தான் என்று நினைத்துக்கொண்டாள்.

வினையும் அந்தப் பாராட்டில்தான் வந்தது.

"போதும் மச்சான், வந்துருங்க," என்று அவள் கேட்காத வருடமில்லை. "அங்கன வந்து என்னத்தச் செய்யறது?" என்று அவர் சொல்லாத வருடமும் இல்லை. போன வருடம் வரவேண்டிய லீவுக்குக்கூட வரவில்லை. அப்படிப்பட்டவர் இந்த ரமலானுக்குப் பிறகு ஒரு வெள்ளிக்கிழமை தானாகவே சொன்னார்: "ரெண்டு பேரும் சேந்து போன்சாய் நர்சரி போடுவோம் ஹமீதா. நான் செடி எடுத்துத் தாரேன், நீ வளத்துக் குடு. லீவுல வாரேன். மரத்த நேர்ல ஒருதடவ பாத்துட்டு, இனிமே வரலேன்னு கம்பெனிக்கு எழுதிப் போட்டுர்றேன்."

அழுதும் சிரித்தும் சண்டை போட்டும் அவள் கூப்பிட்டு வராத மனிதர், இல்லாத ஒரு மரத்தை நம்பி வருகிறார்.

"ஆடு தின்னுருச்சுன்னு சொல்லிரு," என்றாள் உம்மு ஹபீபா. "ஆட்டுக்கிட்ட யாரு போயி விசாரிக்கப்போறா?"

"மரம் இல்லேன்னா திரும்பப் போயிருவாக மதினி."

"இருக்கிற மரத்தக் காட்டுனா மட்டும் நின்னுருவானாக்கும்?"

ஆவணியில் ஷாகிர் வந்து இறங்கினார். மதியம் சாப்பிட்டு முடித்த நேரம் கரண்ட் போனது. நாற்காலியைத் தூக்கிக்கொண்டு கொல்லைக்குப் போனவர், மரத்தடியில் போட்டு உட்கார்ந்தார். கடல் காற்று இலைகளுக்குள் புகுந்து இறங்கியது. அப்படியே மரத்தில் சாய்ந்துகொண்டார்.

"இதென்ன மரம் ஹமீதா? நல்ல நெழலா இருக்கே. போன தடவ இல்லையே?"

ஹமீதா டீயைக் கொடுத்தாள்.

"சரி, நம்ம மரத்த எடுத்துட்டு வா. இந்த வெளிச்சத்துல பாப்போம்."

"அத ஆடு தின்னுருச்சு தம்பி," என்றாள் உம்மு ஹபீபா, தயாராக வைத்திருந்த குரலில்.

ஷாகிரின் கை டம்ளரோடு நின்றது. அவர் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்திருந்தார். காதுக்கு மேல் முழுதாக நரைத்திருந்ததையும், உச்சியில் முடி போய்விட்டதையும் ஹமீதா அப்போதுதான் பார்த்தாள். வெள்ளிக்கிழமைகளில் அவர் தொப்பியோடுதான் போனில் வருவார். சரி, மரத்தை மட்டும்தானா போன் சட்டத்துக்குள் பிடித்து ஒருவருக்கொருவர் காட்டிக்கொண்டிருந்தோம் என்று நினைத்தபோது, அவளுக்குப் பயம் போய்விட்டது.

"ஆடு திங்கல மச்சான். நீங்க சாஞ்சிருக்கீகளே, அதுதான்."

அவர் சிரித்தார். பிறகு திரும்பிப் பார்த்தார். அடித்தண்டில், கெண்டைக்கால் தடிமனுக்குப் பருத்த பட்டைக்குள், ஒரு கம்பி சுற்றிச் சுற்றிப் புதைந்திருந்தது. விரலை வைத்துத் தடவினார்.

"இது என் கம்பில்ல?"

"ஆமா."

எழுந்து சந்து வழியாக நடந்து தெருவைக் கடந்தார். அக்காவின் வாசலில் அந்த ஸ்டூலும் நீலத் தட்டும் அப்படியே இருந்தன. குத்தவைத்து உட்கார்ந்து, போனைப் பிடித்து ஒரு கண்ணை மூடினார். வெகுநேரம் பார்த்தார்.

"அந்தப் பூச்சி?"

"காக்கா."

"வேப்பெண்ணெய் அடிச்சேன்னியே."

"காக்காய்க்கா அடிக்கச் சொல்றீக?"

உம்மு ஹபீபா சிரித்ததில் அவர் முகம் இன்னும் சுருங்கியது. "குரூப்புல எத்தன பேருகிட்ட பீத்திக்கிட்டேன்! நர்சரியாம் நர்சரி. லீவு முடிஞ்சதும் கெளம்புறேன்." ராத்திரி சாப்பாட்டுக்கு வந்து உட்கார்ந்தார். ஹமீதா பரிமாறினாளே தவிர, மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்டால் அழுதுவிடுவோம் என்று தெரியும்.

மறுநாள் காலையில் அவர் மரத்தடியில் முழங்காலிட்டு, அடித்தண்டை மட்டும் போட்டோ எடுத்தார். எங்கிருந்து வந்தது என்று சொல்லாமல் மதுரைக்கு அனுப்பினார். டீ ஆறுவதற்குள் ராமசுப்பிரமணியனின் குரல் வந்துவிட்டது.

"பாய், இந்த அடியை எங்க பிடிச்சீங்க? உங்க பழைய மரம் அழகுதான், தப்பா நினைக்காதீங்க, ஆனா அது பொம்மை மாதிரி. இதுதான் மரம்! சின்னதுலயே தட்டுல வச்சுட்டா அடி இப்படிப் பருக்கவே பருக்காது. மண்ணுல ஓடவிட்டவர் நல்ல விவரமான ஆளு. ஐப்பசியில மழை விழுந்ததும் முழங்கால் உயரத்துல வெட்டிருங்க. அப்புறம் அதைத் தட்டுக்குக் கொண்டுவர பத்து வருஷம் கூடவே இருந்து பார்க்கணும். போன்ல பார்க்கிற வேலை இல்ல இது."

ஷாகிர் அதை இன்னொருமுறை போட்டுக் கேட்டார். 'விவரமான ஆளு' என்ற இடத்தில் உம்மு ஹபீபா ஹமீதாவின் விலாவில் இடித்தாள்.

"ஐப்பசிக்குள்ள லீவு முடிஞ்சிருமே," என்றார் அவர், மரத்தைப் பார்த்துக்கொண்டே.

ஹமீதாவும் மரத்தைப் பார்த்தாள். அதன் நிழலில்தான் மீன் அரிகிறாள். துணிக் கொடியின் ஒரு முனையை அதில்தான் கட்டியிருக்கிறாள். அவள் வாழ்க்கையில் அவளாக வளர்த்த ஒரே நிழல் அது.

"வெட்டுங்க மச்சான். எவ்வளவு வேணும்னாலும் வெட்டுங்க. ஆனா இருந்து வெட்டுங்க."

அவர் கம்பெனிக்கு எழுதிப் போட்டார். குடும்பக் காரணம் என்றுதான் எழுதினார். மரம் வெட்டவேண்டியிருக்கிறது என்று எழுதினால் யார் ஒத்துக்கொள்வார்கள்?

ராமநாதபுரம் போய் நல்ல ரம்பமாக வாங்கி வந்து, எண்ணெய் போட்டு ஆணியில் மாட்டினார். ஐப்பசியில் மழை விழுந்தது. ரம்பத்தோடு கொல்லைக்குப் போனவர் மரத்தடியில் நனையாமல் நின்று, "இந்த மழ விடட்டும்," என்று திரும்பி வந்தார். மறுநாள் ரம்பம் ஈரமாக இருந்தது. அடுத்த நாள் வெள்ளிக்கிழமை. அதற்கடுத்து சஃபா லீவுக்கு வந்தாள். வந்த பிள்ளை நிழலில் உட்கார்ந்து படிக்கட்டும் என்றார். ஊருக்கு வருவதைத் தள்ளிப்போட்டே பழகிய மனிதர். ஹமீதா ஒன்றும் கேட்டுக்கொள்ளவில்லை. ரம்பத்துக்கு மட்டும் அவ்வப்போது எண்ணெய் போட்டு வைத்தாள்.

கார்த்திகையில் ஒரு வெள்ளிக்கிழமை. மரத்தடியில் சாய்ந்திருந்தவருக்கு மதுரையிலிருந்து செய்தி வந்தது: 'பாய், வெட்டியாச்சா? சும்மா இருக்கீங்களே. பழைய மரத்தையாவது காட்டுங்க, பார்த்து ரொம்ப நாளாச்சு.'

ஷாகிர் கொஞ்ச நேரம் தாடையைச் சொறிந்துகொண்டிருந்தார்.

"ஹமீதா, அந்த நீலத் தட்டு எங்கன இருக்கு?"

வீட்டுக்கு எடுத்து வந்திருந்த ஸ்டூலை அவள் தூக்கிக்கொண்டாள், அவர் தட்டைத் தூக்கிக்கொண்டார். இருவரும் தெருவைக் கடந்தார்கள். அக்கா வாசலில் அவர் முழங்கால் சடசடக்க உட்கார்ந்து, ஒரு கண்ணை மூடினார்.

"உச்சி வெளிய போகுது."

"மழையில வளந்துருச்சு. இன்னும் கொஞ்சம் பின்னால வாங்க மச்சான்."

"பின்னால லாத்தா வீட்டுக் கதவுல்ல இருக்கு?"

"தொறந்துதானடா கெடக்கு," என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. "வாங்க, வாங்க. அடுப்படி வரைக்கும் எடமிருக்கு."