இறங்கும்போது மட்டும் அளந்தது

உலையாருக்குத் திங்கட்கிழமை நேர்முகத் தேர்வு. நிரந்தர வேலை. வியாழக்கிழமை மத்தியானமே அதற்கு வேட்டு வைக்கிற ஒன்று அவர் மனைவி கண்ணில் பட்டது.

உலையார் என்பது ஆய்வகத்தில் அவருக்கு வைத்த பட்டப்பெயர். இரும்பும் ஆர்சனிக்கும் சேர்ந்த பொடியைக் குழாயில் அடைத்து, வாரக்கணக்கில் உலையில் வைத்து, நகக்கண் அளவுக்கு ஒரு படிகம் எடுப்பார். அதைக் கடுமையாகக் குளிரவைத்தால் மின்சாரம் தடையே இல்லாமல் ஓடும், மீக்கடத்தி என்பார்கள். அதன்மேல் அகச்சிவப்பு ஒளியை அடித்து, எவ்வளவு திரும்பி வருகிறது என்று அளப்பது அவள் வேலை. புருஷன் சமைக்கிறார், பெண்டாட்டி ருசி பார்க்கிறாள் என்று கேலி பேசாத ஆளில்லை.

போன வருஷம் அவள் வரைபடத்தில் ஒரு பள்ளம் விழுந்தது. மீக்கடத்தல் தொடங்கும் முப்பத்தெட்டு கெல்வினுக்குக் கீழே போனால்தான் தெரியும், மேலே தெரியாது. தண்ணீர் உறைவதே இருநூற்று எழுபத்து மூன்று கெல்வினில், அவ்வளவு குளிர். இத்தனை ஆழமாக யாரும் கண்டதில்லை என்று இருவர் பெயரிலும் கட்டுரை வந்தது. திங்கட்கிழமைத் தேர்வே அதை நம்பித்தான்.

அங்கே ஒரு வழக்கம். குளிரவைக்கிற திரவ ஹீலியம் லேசில் கிடைக்காது. அதனால் குளிர்ந்து இறங்கும்போது மட்டும் அளப்பார்கள். அடிமட்டத்தில் நாலைந்து மணி நேரம் அளந்ததும் மூடிவிட்டுப் போய்விடுவார்கள். வியாழக்கிழமை கொஞ்சம் ஹீலியம் மிச்சமிருந்தது. பேசாமல் வீட்டுக்குப் போயிருக்கலாம், விதி விடவில்லை. மெல்லச் சூடேற்றிக்கொண்டே மேலே வரும்போதும் அளந்தாள். நாற்பத்தைந்திலும் பள்ளம் இருந்தது. அறுபதிலும் இருந்தது. நூறிலும் குத்துக்கல் மாதிரி இருந்தது. நூற்று அறுபதைத் தாண்டிய பிறகுதான் போனது.

நூறில் மீக்கடத்தல் எங்கிருந்து வரும்? அது பனிக்கட்டி, வெற்றிடத்தில் நூற்று அறுபது வாக்கில்தான் ஆவியாகும். படிகத்தை வைக்கும் வெற்றிடக் கலத்தில் எங்கோ ஊசிமுனை ஓட்டை. கசிந்த ஈரம் குளிர்ந்த படிகத்தின்மேல் மணிக்கணக்கில் உறைந்து, ஒளியை விழுங்கியிருக்கிறது. இறங்கும்போது நாற்பத்தைந்தில் இன்னும் அவ்வளவாகப் படிந்திருக்காது, அதனால் கண்ணில் படவில்லை. ஒரு வருஷமாகக் கொண்டாடியது வெறும் தண்ணீரை. அவளுக்கு அவமானமாக இருந்தது.

சாயங்காலம் சமையலறையில் அவரிடம் சொன்னாள். அவர் கோபப்படவில்லை. குழாயை நிறுத்திவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டார்.

"திங்கக்கிழமை வரைக்கும் வாயத் திறக்காத. அப்புறம் ரெண்டு பேரும் சேர்ந்து பத்திரிகைக்கு எழுதுவோம். தப்பு நம்ம தப்பு."

அவளுடையது வருஷா வருஷம் புதுப்பிக்கிற வேலை. இந்தத் தப்பைத் தனியாகச் சுமந்தால் அத்தோடு சரி, எந்த ஆய்வகமும் ஏறிட்டுப் பார்க்காது. கட்டினவர் கூட நின்றால் எப்படியோ பிழைத்துக்கொள்ளலாம். அந்த 'நம்ம' அவளுக்குப் போதுமாக இருந்தது. மனசு உறுத்தியும் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தாள். ஞாயிற்றுக்கிழமை அவர் ஒத்திகை பார்த்தபோது, அந்தப் பள்ளம் வரும் இடத்தில் குரலைக் கொஞ்சம் ஏற்றச் சொன்னதும் அவள்தான்.

வேலை கிடைத்தது. செவ்வாய்க்கிழமை காலை கட்டுரையைத் திரும்பப் பெறும் கடிதத்தை அவர் முன்னால் வைத்தாள். கீழே இரண்டு பெயர்கள். அவர் நிதானமாகப் படித்தார். நல்லாத்தான் எழுதியிருக்கே என்றார். பிறகு பேனாவை எடுத்துத் தன் பெயரை அடித்தார்.

"அளந்தது நீதானே. இதுல என் பேரு எதுக்கு?"

"நம்ம தப்புன்னு சொன்னீங்க."

"அது வீட்டுல சொன்னது."

ஒருத்தர் வேலையாவது நிலைக்க வேண்டாமா, யோசித்துப் பார் என்றார். அவர் சொன்னதில் கணக்குப் பிசகே இல்லை, அதுதான் அவளுக்கு ஆறவில்லை. சட்டையை மாட்டிக்கொண்டு வாசல்வரை போனவர் திரும்பி வந்தார். படிகத்தில் எந்தக் குறையும் இல்லை என்று ஒரு வரி சேர்த்துவிடச் சொன்னார்.

அவள் சேர்த்தாள். அது உண்மைதானே.